அமெலோபிளாஸ்டோமாவுக்குத் தமிழில் என்ன பெயர்?

தாடை எலும்புக்குள் வளரும் இந்தக் கட்டியைத் 'தாடைப் புற்றுநோய்' என்று எழுதுவதை இனியாவது நிறுத்த வேண்டும். இலங்கை மலையகத்தில் அந்தச் சொல்லைக் கேட்டதும், புற்றுநோய் மருத்துவமனை இருக்கும் "மகரகமவுக்கா?" என்றுதான் கேட்பார்கள். சதைத்துண்டுப் பரிசோதனை முடிவு வருமுன்னே வீட்டில் ஒப்பாரி தொடங்கிவிடும். இது புற்றுநோய் வகையைச் சேர்ந்ததே அல்ல.

சொல்லின் பிறப்பு எளியது. 'அமெல்' என்பது எனாமலை, அதாவது பல்லின் கடினமான மேற்பூச்சைக் குறிக்கும் பழைய ஐரோப்பியச் சொல், 'பிளாஸ்டோஸ்' கிரேக்கத்தில் முளை, அரும்பு, 'ஓமா' கழலை. 1885இல் பிரெஞ்சு மருத்துவர் மலாசே வைத்த வேறொரு பெயரை ஒதுக்கி இது நிலைத்தது.

'பற்சிப்பிக் கட்டி' என்கிறார்கள் சிலர். அதுவும் பிழை. கட்டியில் எனாமல் இல்லை. எனாமலை உருவாக்கும் கலங்களின் வழிவந்த திசுவே பெருகுகிறது. 'அரும்பு' என்ற சொல்லை விட்டுவிட்டால் பல்லின் மேற்பரப்பில் ஏதோ ஒட்டியிருப்பதாகத்தான் வாசிப்பவர் நினைப்பார். சிப்பியும் எதற்கு? எனாமலுக்கு 'மிளிரி' என்ற நல்ல சொல் இலங்கைப் பாடநூல்களில் இருக்கிறதே.

எனக்குப் பெரிய கோபம், ஆங்கிலத்தின் 'benign' என்பதற்கு எழுதும் 'தீங்கற்ற கட்டி' மீதுதான். கீழ்த்தாடையில், கடைவாய்ப் பக்கம், வலியே இல்லாமல் மெல்ல வீங்கும் நோய் இது. பல் ஆடும், முகம் கோணும். தீங்கில்லை என்று துண்டில் எழுதிக் கொடுத்தால், கொழுந்து பறிக்கும் பெண் ஒருநாள் பேரை (நாட்கூலியை) இழந்து ஹட்டனிலிருந்து பேராதனைப் பல் மருத்துவமனைக்கு பஸ் ஏறுவாளா? எக்ஸ்ரேயில் சவர்க்கார நுரைபோல் தெரியும். நீர்க்கட்டியும் அப்படித் தெரியலாம் என்பதால் சதை எடுத்துப் பார்த்தே உறுதிசெய்வார்கள். வெறுமனே சுரண்டி எடுத்தால் பலருக்குத் திரும்ப வரும். அதனால் பெரிய கட்டிகளில், சுற்றிலும் 1 முதல் 2 செ.மீ. வரை நல்ல எலும்பையும் சேர்த்து வெட்டி, தகடு பொருத்தி, சில வேளை கணைக்காலின் மெல்லிய எலும்பை எடுத்துத் தாடை அமைக்கிறார்கள். பிறகும் ஆண்டுக்கணக்கில் கிளினிக் போக வேண்டும். இதற்கா தீங்கற்றது என்று பெயர்? உடலின் வேறு இடங்களுக்குப் பரவுவது மிக அரிது, அவ்வளவுதான். அதை 'பரவாக் கழலை' என்றால் சரியாக இருக்கும்.

அகராதியில் முதலில் அகப்படும் சொல்லை ஒட்டிவிட்டுப் போகும் மொழிபெயர்ப்பாளர்கள், நோயாளி அதை வாசித்து என்ன முடிவெடுப்பார் என்று யோசிப்பதே இல்லை. படிவம், துண்டுப்பிரசுரம், அறிவித்தல் எல்லாவற்றிலும் இதே கதை.

என் பரிந்துரை 'மிளிரி அரும்புக் கழலை'. அதன் பக்கத்திலேயே 'வேறு இடங்களுக்குப் பரவுவது மிக அரிது, ஆனால் தானாக வற்றாது. அறுவைச் சிகிச்சை வேண்டும்' என்று ஒரு வரி எழுதுங்கள்.