சத்தியம் பண்ணியும் நிற்கவில்லை என்பவர்களுக்கு

பாலியல் பழக்கம் கைமீறிப் போய்விட்டது என்று நேரடியாகச் சொல்லிக்கொண்டு, ஆலோசகரான என்னிடம் வருபவர்கள் மிகக் குறைவு. தூக்கம் வரவில்லை என்று வருவார்கள். வேலையில் கவனம் இல்லை, நரம்புத் தளர்ச்சி மாதிரி இருக்கிறது, கடன் ஏறிவிட்டது, வீட்டில் பேச்சே இல்லை என்று வருவார்கள். முக்கால் மணி நேரம் அதையெல்லாம் பேசிவிட்டு, எழுந்து கதவுப் பக்கம் போகும்போதுதான் "மேடம், இன்னொரு விஷயம் இருக்கு" என்பார்கள். அந்த இன்னொரு விஷயத்தைப் பற்றித்தான் எழுதுகிறேன். இதில் வரும் ஆட்கள் யாரும் தனி ஒருவர் இல்லை. பலர் சொன்னதைக் கலந்து, அடையாளம் தெரியாதபடி மாற்றியிருக்கிறேன்.

விடிய விடிய ஆபாசப் படம் பார்த்துவிட்டு ஷிஃப்டுக்குப் போகாமல் இருப்பவர் உண்டு. சம்பளம் வந்த மூன்றாம் நாளே, பணம் கொடுத்துப் போகும் இடங்களில் அதைத் தொலைத்துவிட்டு வட்டிக்கு வாங்குபவர் உண்டு. முன்பின் தெரியாதவர்களுடன் வீடியோ அழைப்பில் பேசி, அதைப் பதிவு செய்தவர்கள் மிரட்ட, நகையை அடகு வைத்தவர் உண்டு. பெண்களும் வருகிறார்கள். அவர்கள் இன்னும் தாமதமாக, இன்னும் பயத்தோடு வருகிறார்கள். இவர்கள் எல்லோரிடமும் நான் ஒன்றைக் கேட்கிறேன்: "இதில் இப்போதும் சந்தோஷம் இருக்கிறதா?" பெரும்பாலும் தலையாட்டி மறுப்பார்கள்.

உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலான ஐசிடி-11, 2019 மே மாதம் ஏற்கப்பட்டு, 2022 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. கட்டுப்படுத்த முடியாத பாலியல் நடத்தை அதில் ஒரு கோளாறாக இடம்பெற்றிருக்கிறது. அது வைக்கப்பட்டிருப்பது போதை நோய்களோடு அல்ல, உந்துதலை அடக்க முடியாத கோளாறுகளோடு. ஆறு மாதம் அல்லது அதற்கும் மேலாக, பலமுறை நிறுத்த முயன்றும் முடியாமல், உடம்பு, வேலை, உறவு எல்லாம் கெட்டும் தொடர்கிறதா என்பதுதான் கேள்வி. வாரத்துக்கு எத்தனை முறை என்ற கணக்கு அங்கே இல்லை. ஆசை அதிகம் உள்ளவர், ஆனால் தன் வாழ்க்கையைத் தானே நடத்துகிறவர், இந்தக் கோளாறு உள்ளவர் ஆகமாட்டார்.

அதே பட்டியலில் இன்னொரு நிபந்தனையும் இருக்கிறது. நம் ஊருக்கு அது ரொம்ப முக்கியம். ஒருவருடைய வேதனை முழுக்க முழுக்க "இது பாவம், இது தப்பு" என்ற எண்ணத்திலிருந்து மட்டும் வருகிறது என்றால், அதை இந்தக் கோளாறு என்று சொல்லக்கூடாது. கைப்பழக்கத்தால் நரம்பு தளரும், ஆண்மை போகும், குழந்தை பிறக்காது என்று பயமுறுத்தியே மருந்து விற்கும் விளம்பரங்களை நள்ளிரவு டிவியில் பார்த்து வளர்ந்த தலைமுறைகள் நம்முடையவை. லாட்ஜில் அறை எடுத்து ஊர் ஊராக 'வைத்தியம்' பார்ப்பவர்களிடம் ஆயிரக்கணக்கில் கொடுத்துவிட்டு வரும் பையன்களைப் பார்க்கும்போது எனக்குக் கோபம்தான் வருகிறது. சுயஇன்பத்தால் நரம்பு தளர்வதில்லை. அந்தப் பையன்களில் பலருக்குத் தேவை சிகிச்சையே இல்லை. பயம் தெளிய ஒரு மணி நேரப் பேச்சு போதும்.

முதல் சந்திப்பில் வேறு சிலவற்றையும் பார்க்க வேண்டும். மனச்சோர்வு, பதற்றம், குடி, தனிமை இருக்கிறதா என்று கேட்போம். தூக்கமே தேவைப்படாமல், பேச்சும் செலவும் கூடி, அதோடு பாலியல் வேகமும் திடீரென்று ஏறியிருந்தால் அது இருமுனைக் கோளாறாக இருக்கலாம். அதற்கான சிகிச்சையே வேறு. பார்க்கின்சன் நோய்க்குக் கொடுக்கும் பிரமிபெக்சோல், ரோபினிரோல் போன்ற மருந்துகள் சிலருக்குப் பாலியல் உந்துதலைக் கட்டுக்கடங்காமல் ஏற்றிவிடும். சூதாட்டம், கண்டபடி செலவு என்றும் அது வெளிப்படும். அறுபது வயதைத் தாண்டிய அப்பா, அதுவரை சொல்லே தடிக்காதவர், திடீரென்று வீட்டு வேலைக்கு வரும் பெண்ணிடம் அசிங்கமாகப் பேசுகிறார் என்றால், குடும்பம் கூனிக் குறுகிப்போகிறது. "வயசான காலத்துல புத்தி இப்படிப் போகுதே" என்று அறைக்குள் பூட்டி வைத்தவர்கள் உண்டு. மாத்திரைச் சீட்டை எடுத்துப் பாருங்கள். நீங்களாக மருந்தை நிறுத்தாதீர்கள், அது ஆபத்து. நரம்பியல் மருத்துவரிடம் நடந்ததைக் கூச்சப்படாமல் சொன்னால், அவர் அளவைக் குறைப்பார் அல்லது மருந்தை மாற்றுவார். மறதி நோய்களில் ஒரு வகையிலும் இப்படி நடப்பதுண்டு. அந்தப் பெண்ணுக்கு நேர்ந்தது மட்டும் அதனால் இல்லாமல் போய்விடாது. அவரிடம் மன்னிப்புக் கேட்பதும், அவரைப் பாதுகாப்பதும் குடும்பத்தின் பொறுப்பு.

இனி சத்தியத்துக்கு வருகிறேன். வருகிறவர்களில் சத்தியம் செய்யாதவரை நான் அநேகமாகப் பார்த்ததே இல்லை. குழந்தை தலையில் அடித்து, சூடத்தை அணைத்து, உபவாச ஜெபத்தில், நோன்பு மாதத்தில் என்று ஒவ்வொருவரும் அவரவர் வழியில் செய்திருப்பார்கள். ஒருவர் சொன்னார்: "மாலை போட்ட ஒரு மண்டலமும் சுத்தமா இருந்தேன் மேடம். மாலையைக் கழட்டின அன்னைக்கு ராத்திரியே பழையபடி ஆயிடுச்சு. சாமியையே ஏமாத்திட்டேன்." மூன்று கார்த்திகையாக இதே கதையாம்.

நான் அவரிடம் பேப்பரும் பேனாவும் கொடுத்து, மாலை போட்டிருந்தபோது ஒரு நாள் எப்படிப் போனது என்று காலையிலிருந்து எழுதச் சொன்னேன். விடியுமுன் பச்சைத் தண்ணீர்க் குளியல். கடையில் டீ குடிக்கப் போனாலும் எல்லோரும் 'சாமி' என்பார்கள். சாயங்காலம் குருசாமி வீட்டில் பூஜை, பஜனை. அசதியோடு வந்து கூடத்தில் பாயில் படுக்கை, பக்கத்தில் தம்பியும் சாமி. குடி இல்லை. ஃபோன் எங்கே இருந்தது என்று கேட்டேன். யோசித்துவிட்டு, "சார்ஜ் போட்டு டிவி ஸ்டாண்டுலயே கிடக்கும்" என்றார். அப்புறம் மாலையைக் கழற்றிய நாளை எழுதச் சொன்னேன். பதினொரு மணி, மாடி அறை, தனியாக, கையில் ஃபோன், அன்று மேனேஜரிடம் வாங்கிய திட்டு. இரண்டு பேப்பரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது, தான் கெட்டவன் என்ற பேச்சை அவரே நிறுத்திவிட்டார்.

சத்தியத்தை நான் கேலி செய்யவில்லை. நம்பிக்கை பலருக்குப் பெரிய பலம். ஆனால் சத்தியம் மட்டும் இருந்து, வாழ்க்கையின் அமைப்பு மாறாமல் இருந்தால், முதல் சறுக்கலிலேயே "போனது போச்சு, இன்னைக்கு ஒரு நாள்" என்று மனம் மொத்தமாக விட்டுவிடும். மறுநாள் வெட்கம் பிடுங்கித் தின்னும். தாங்க முடியாத உணர்வு எது வந்தாலும் அதிலிருந்து தப்ப அவருக்குத் தெரிந்த ஒரே வழி அந்தப் பழக்கம்தான். எனவே வெட்கமே அவரைத் திரும்ப அங்கே கொண்டுபோய் விடுகிறது. புதிதாக ஒரு சத்தியம் செய்தால், அடுத்த சறுக்கலில் வெட்கம் இரட்டிப்பாகிறது.

கவுன்சலிங்கில் நாங்கள் செய்வது இந்த ஓட்டத்தை நடுவில் எங்காவது வெட்டுவது. எந்த நேரம், எந்த இடம், அதற்கு முன் என்ன நடந்தது, மனதில் என்ன ஓடியது என்று சில வாரம் குறித்து வரச் சொல்வோம். உந்துதல் ஏறும்போது அதோடு சண்டை போடாமல், அதன்படி நடக்கவும் செய்யாமல், அது ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருக்கப் பழக்குவோம். இது பயிற்சியில்தான் வரும். ஃபோன் இரவில் எங்கே இருக்கும், சம்பளப் பணம் யார் கணக்கில் போகும், திட்டு வாங்கிய நாளில் யாரைக் கூப்பிடுவது என்பதையெல்லாம் முன்கூட்டியே முடிவு செய்வோம். ஆசையையே கொன்றுவிடுவது நோக்கமல்ல. திருமணமானவர்கள் துணையோடு நெருக்கமாக இருக்கப் பழையபடி முடிய வேண்டும், அதுவும் சிகிச்சையின் பகுதிதான். இந்தக் கோளாறுக்கென்றே அங்கீகரிக்கப்பட்ட தனி மாத்திரை இல்லை. மனச்சோர்வுக்கான சில மருந்துகளையும் நால்ட்ரெக்சோனையும் மனநல மருத்துவர்கள் சிலருக்குக் கொடுப்பதுண்டு. யாருக்கு எது என்பதை அவர்தான் சொல்ல வேண்டும்.

பாதுகாப்பில்லாத உறவு நடந்திருந்தால், அரசு மருத்துவமனைகளில் உள்ள நம்பிக்கை மையத்தில் எச்ஐவி பரிசோதனை இலவசம், ரகசியமும் காக்கப்படும். நடந்து 72 மணி நேரத்துக்குள் என்றால் தொற்றைத் தடுக்கும் மருந்து தொடங்க முடியும். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. வீடியோவை வைத்து யாராவது மிரட்டினால் பணம் அனுப்பாதீர்கள். சைபர் குற்றப் புகாருக்கான உதவி எண் 1930-ஐ அழையுங்கள்.

பெற்றோர்களிடம் ஒன்றைக் கெஞ்சிக் கேட்கிறேன். "ஒரு கால்கட்டு போட்டா சரியாயிடும்" என்று தயவுசெய்து முடிவெடுக்காதீர்கள். உங்கள் மகனுடைய சிகிச்சைக்காக இன்னொரு வீட்டுப் பெண்ணை மருந்தாகக் கொடுக்க உங்களுக்கு உரிமை இல்லை. அது சரியாவதும் இல்லை. மறைத்துக் கட்டிவைத்த பிறகு ஃபோனைப் பார்த்து உடைந்துபோன மனைவியர், "என்கிட்ட என்ன குறை?" என்றுதான் முதலில் கேட்கிறார்கள். உங்களிடம் குறை இல்லை, அம்மா. உங்கள் கல்யாணத்துக்கு வெகு முன்பே தொடங்கியது அது. கணவரின் ஃபோனைத் தினமும் சோதிக்கும் போலீஸ் வேலையும் உங்களுடையது அல்ல. உங்களுக்கென்று தனியாக ஓர் ஆலோசகர் வேண்டும், தொடர்வதா பிரிவதா என்பதை உங்கள் நிதானத்தில் முடிவு செய்ய நேரம் வேண்டும்.

வெளியே தெரிந்துவிடுமோ என்ற பயம் எல்லோருக்கும் உண்டு. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் உங்கள் ரகசியத்தை உரிமையாக்கியிருக்கிறது. ஆனால் அதற்கு எல்லை உண்டு, அதை முதல் நாளே சொல்லிவிடுவேன். யாருடைய உயிருக்காவது ஆபத்து என்றால் பேசாமல் இருக்க முடியாது. குழந்தை பாதிக்கப்பட்டது தெரிந்தால் போக்சோ சட்டப்படி புகார் செய்தே ஆக வேண்டும். சம்மதமில்லாமல் ஒருவரைத் தொடுவது குற்றம், கோளாறு என்ற சொல்லை வைத்து அதிலிருந்து தப்ப முடியாது.

எங்கே தொடங்குவது என்று தெரியாவிட்டால் 14416-ஐ அழையுங்கள். அரசின் டெலி மானஸ் சேவை அது; 24 மணி நேரமும் இலவசம், தமிழில் பேசலாம், பெயர் சொல்ல வேண்டியதில்லை. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை என்றால் ஓ.பி. சீட்டு போடும் இடத்தில் "மனநலப் பிரிவு" என்று மட்டும் சொன்னால் போதும். தனியாரிடம் போனால், மருத்துவ உளவியலாளர் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு செய்தவரா என்று கேளுங்கள். கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. படமும் ஃபோனும்தான் பிரச்சினை என்றால், பெங்களூருவின் நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் 2014 முதல் இதற்கென்றே 'ஷட்' கிளினிக் இயங்குகிறது. குடிநோயாளிகளுக்கான ஏஏ கூட்டங்களின் வழியில், ஒரே சிக்கல் உள்ளவர்கள் கூடிப் பேசும் குழுக்களும் உண்டு. 1977-இல் மினியாபொலிஸில் தொடங்கிய அத்தகைய குழு ஒன்று இன்று ஆன்லைனிலும் கூடுகிறது. சிலருக்கு என் அறையைவிட அங்கேதான் வாய் திறக்கிறது, அதில் எனக்குச் சந்தோஷம்தான்.

சிகிச்சைக்கு வந்து சில வாரம் நன்றாகப் போய், ஒருமுறை தவறிவிட்டால், பலர் அடுத்த அப்பாயின்ட்மென்ட்டுக்கு வருவதில்லை. எந்த முகத்தை வைத்துக்கொண்டு வருவது என்று நின்றுவிடுகிறார்கள். அந்த வாரம்தான் அவசியம் வர வேண்டும். என்ன நடந்தது என்பது அப்போது இன்னும் மறந்திருக்காது, எந்த இடத்தில் விட்டோம் என்று உட்கார்ந்து பார்க்க முடியும். நேரில் வரக் கூச்சமாக இருந்தால் ஃபோனில் "தவறிடுச்சு" என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். மற்றதை நான் கேட்டுக்கொள்கிறேன்.