இடுப்பு மூட்டு ஆபரேஷன்: காப்பீட்டு அட்டை மட்டும் போதாது

ஏற்காடு மலைக் கிராமத்தில் காபித் தோட்ட வேலைக்குப் போகும் ஒருவர், அம்மாவுக்கு இடுப்பு எலும்பு முறிந்ததும் 20 கொண்டை ஊசி வளைவுகளையும் ஒரே வாரத்தில் மூன்று தடவை இறங்கி ஏறினார். அம்மாவின் பெயர் அண்ணன் ரேஷன் கார்டில் இருக்கிறது. இவர் கையிலிருந்தது தன் கார்டு. அம்மா பெயர் உள்ள கார்டுதான் வேண்டும் என்று முதல் நாளே சொல்ல ஆளில்லை. மூன்றாம் தடவைதான் சொன்னார்கள்.

முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை இலவச சிகிச்சை உண்டு. இடுப்பு மூட்டு மாற்று ஆபரேஷனும் அதில் அடங்கும். நோயாளியின் பெயர் எந்த ரேஷன் கார்டில் இருக்கிறதோ, அந்தக் கார்டைத்தான் கொண்டு போக வேண்டும். வருமானச் சான்றை வாங்கியதும் தொகை அந்த வரம்புக்குள் இருக்கிறதா என்று அங்கேயே நின்று படித்துப் பாருங்கள். தனியார் ஆஸ்பத்திரி வாசலில் காப்பீட்டு போர்டு இருந்தாலும் நம்பிப் படுத்துவிடாதீர்கள்; எலும்புப் பிரிவுக்கு அனுமதி உண்டா என்று 1800 425 3993-ல் கேளுங்கள். “நல்ல மூட்டு போடணும், கொஞ்சம் கட்டுங்க” என்றாலும் பணத்தை எடுக்குமுன் அதே எண்தான்.

சரி, ஆபரேஷன் முடிந்தது. எல்லோரும் ஒரே மாதிரி தேறுவதில்லை. வயதானவர்களுக்கு எலும்பு முறிந்து மூட்டை மாற்றினால், பெரும்பாலும் தொடை எலும்பின் உச்சியில் இருக்கும் பந்தை மட்டும் மாற்றுவார்கள். தேய்ந்த மூட்டுக்கு, அந்தப் பந்து உட்காரும் கிண்ணத்தையும் சேர்த்து மாற்றுவார்கள். புது மூட்டை எலும்போடு பிடிக்கவைக்க எலும்பு சிமென்ட் வைத்திருந்தால் பொதுவாக மறுநாளே காலை ஊன்றி நடக்கலாம். சிமென்ட் இல்லாத மூட்டில் எலும்பு ஒட்டிப் பிடிக்க வேண்டும். சில டாக்டர்கள் கொஞ்ச வாரம் முழு எடை போட விடமாட்டார்கள். ஆபரேஷனுக்கு இடுப்பைப் பின்பக்கமாகத் திறந்திருந்தால் 6 முதல் 12 வாரம் குத்துக்காலிடக் கூடாது, கால்மேல் கால் போடக் கூடாது, தாழ்ந்த கட்டிலிலும் உட்காரக் கூடாது, மூட்டு நழுவிவிடலாம். முன்பக்கமாகத் திறந்தவர்கள் முதல் சில வாரம் சற்று வேகமாக நடப்பார்கள், சில மாதத்தில் பெரிய வித்தியாசம் இருக்காது.

அதனால் பந்து மட்டுமா முழு மூட்டா, சிமென்ட் உண்டா, எந்தப் பக்கம் திறந்தார்கள் என்ற மூன்றையும் டிஸ்சார்ஜ் சம்மரியில் எழுதி வாங்காமல் கிளம்பாதீர்கள். வீட்டுக்கு வரும் பிசியோதெரபிஸ்டுக்கு அது வேண்டும். ஆமாம், வீட்டுக்கே வருவார்கள். 2021-ல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்ற அரசுத் திட்டத்தில் அது இலவசம். இதைப் பலருக்கும் யாரும் சொல்வதே இல்லை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுங்கள். “எழுதிட்டோம், போங்க” என்றால் எந்தக் கிழமை வருவார் என்று கேட்டுவிட்டே நகருங்கள். அதற்குள் கெண்டைக்கால் வீங்கி வலித்தால் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், மூச்சு வாங்கினால் உடனே 108.