தலச்சன் கிடாரிக்கு "பெரிய காளை ஊசி" கேக்காதீங்க

போன வாரம் ராத்திரி 11 மணிக்கு செய்யாறு பக்கத்துல ஒரு கிராமத்துலேர்ந்து போன். சின்ன சைஸ் ஜெர்சி கலப்புக் கிடாரி, தலச்சன், மத்தியானமே பனிக்குடம் உடைஞ்சிருக்கு, நான் போய்ச் சேர்றதுக்குள்ள நாலு ஆம்பளைங்க கன்னோட முன்னங்கால்ல கயிறு கட்டி இழுத்து ஓஞ்சு போய் நிக்கறாங்க. கைய விட்டுப் பாத்தா தலை இடுப்பெலும்புல மாட்டிக்கிட்டு இருக்கு, கன்னு செத்து ரொம்ப நேரமாச்சு. உள்ளயே வெட்டித்தான் எடுத்தேன். எச்எஃப் (ஹோல்ஸ்டீன் ஃப்ரீசியன்ங்கற பெரிய கறவை இனம்) கலப்பு, 35 கிலோவுக்குக் குறையாது. என்ன சினை ஊசி (காளையோட விந்த ஊசியா செலுத்தறது) போட்டீங்கன்னு மாட்டுக்காரர்கிட்ட கேட்டா, "நல்ல பெரிய காளை ஊசியா போடச் சொன்னோம் சார்"ங்கறார். இந்த மாசத்துல இது எனக்கு மூணாவது கேஸ்.

இந்த "பெரிய காளை"ங்கற நினைப்பு எங்கிருந்துதான் வந்துச்சோ. காளை பெருசா இருந்தா கன்னு பெருசா இருக்கும், அது பெருத்து வளந்து பால் நிறைய கறக்கும்னு ஒரு கணக்கு. காளையோட உடம்பப் பாத்து பால சொல்லவே முடியாதுங்க. காளை பால் கறக்காது, அதோட ரத்தத்துல இருக்கிற பால் குணம் அதோட அம்மா எவ்வளவு கறந்துச்சு, அதுக்குப் பிறந்த பொண்ணுங்க எவ்வளவு கறக்குதுன்னு பாத்தாதான் தெரியும். ஒரே இனத்துல ஒரே உயரத்துல ரெண்டு காளை நிக்கும், ஒண்ணோட மகள்கள் நல்லா கறக்கும், இன்னொண்ணோட மகள்கள் கறக்காது. அதனால கேக்க வேண்டியது சைஸ் இல்ல, தாயோட கறவை என்ன, மகள்களோட கறவை என்னங்கறதுதான். இதை நான் எத்தனை கொட்டகையில நின்னு சொல்லிட்டேன்னு எனக்கே கணக்கில்ல.

கன்னோட பிறப்பு எடை வேற விஷயம், அதுல காளைக்கு பங்கு உண்டு. மாட்டுக்கு மாடு இருக்கிற வித்தியாசத்துல சுமாரா மூணுல ஒரு பங்கு மரபணுவால வருது. ஜெர்சி கன்னு சுமாரா 25 கிலோ, எச்எஃப் கன்னு 40 கிலோ. தாயோட இடுப்பு அளவு மாறலையே, அப்புறம் எப்படிங்க வெளிய வரும்?

அமெரிக்காவுல ஆங்கஸ் மாதிரி கறி மாடு வளக்கறவங்க இதை பட்டுத்தான் தெரிஞ்சுக்கிட்டாங்க. வேகமா எடை ஏறுற காளையாவே பாத்துப் பாத்து எடுத்தா பிறக்கும்போதே கன்னு எடையும் கூடவே ஏறும், ரெண்டும் பின்னிக்கிட்டு வர்ற குணம். அதனால ஒவ்வொரு காளைக்கும் பிறப்பு எடைக்கு ஒரு மதிப்பீடு, சுலபமா கன்னு போடுறதுக்கு ஒண்ணு, ஒரு வருஷ எடைக்கு ஒண்ணுன்னு தனித்தனியா வெளியிடுறாங்க. சின்னதா பிறந்து அப்புறம் வேகமா வளர்ற கன்னு குடுக்கிற காளையும் இருக்கு, கிடாரிக்குன்னா அதைத்தான் தேடிப் போவாங்க.

வாட்ஸ்அப்புல ஒரு வீடியோ சுத்துதே, உடம்பெல்லாம் சதை புடைச்சு நிக்கிற மாடு, அந்த ஊசி கிடைக்குமான்னு போன மாசம் ஒருத்தர் கேட்டார். அது பெல்ஜியன் ப்ளூ. சதை வளர்ச்சிக்கு பிரேக் போடற மயோஸ்டாட்டின்னு ஒரு ஜீன், அதுல 11 டிஎன்ஏ எழுத்து விட்டுப்போனதால பிரேக் பிடிக்கல, 1997ல கண்டுபிடிச்சாங்க. அந்த இனம் பெரும்பாலும் சிசேரியன்லதான் கன்னு போடுது. நம்ம கொட்டகையில அது வேணுமா, நீங்களே சொல்லுங்க.

கிடாரிக்கு வயசப் பாக்காதீங்க, எடையப் பாருங்க. அதே இனத்துல வளந்த மாட்டு எடையில 60 சதவீதமாவது வந்த பிறகுதான் முதல் ஊசி. சின்ன ஜெர்சி கலப்புக் கிடாரின்னா ஜெர்சி ஊசியே போதும், எச்எஃப் வேண்டாம். சமவெளி வெயிலுக்கும் உண்ணிக்காய்ச்சலுக்கும் எச்எஃப் ரத்தம் ஏற ஏற தாங்காதுங்கறது தனிக்கதை. ஊசி போட வர்றவர்கிட்ட ஸ்ட்ராவ (விந்து அடைச்சிருக்கிற சின்னக் குழாய்) வாங்கிப் பாருங்க, அதுல இனமும் காளை நம்பரும் அச்சடிச்சிருக்கும், நோட்டுல எழுதி வைங்க. இல்லன்னா அப்பன் காளை ஊசியே மகளுக்கும் விழும். நான் பாத்திருக்கேன்.

கடைசி ரெண்டு மாசம் தீவனத்தக் குறைச்சா கன்னு சின்னதாயிடும்னு தாய பட்டினி போடாதீங்க தயவுசெஞ்சு. பிரசவம் சுலபமாகாது, முக்கறதுக்கு மாட்டுக்கு தெம்பு இல்லாம போறதுதான் மிச்சம். பனிக்குடம் உடைஞ்சு ரெண்டு மணி நேரத்துல கன்னு வரலைன்னா கயிறத் தேடாம கால்நடை ஆம்புலன்ஸ் நம்பர் 1962க்கு போன் போடுங்க, இல்ல பக்கத்து டாக்டர கூப்பிடுங்க.

அந்த கிடாரி இன்னும் எழுந்திருக்கல. இழுத்த இழுப்புல இடுப்பு நரம்பு நசுங்கியிருக்கு, பின்னங்கால் ரெண்டும் ஊன மாட்டேங்குது. கீழ வைக்கோல் கனமா போட்டு, சில மணி நேரத்துக்கு ஒரு தடவ புரட்டிப் போடச் சொல்லியிருக்கேன். வீட்டம்மா ராத்திரியில எழுந்து எழுந்து புரட்டிக்கிட்டு இருக்காங்க. நாளைக்குக் காலையில திரும்பப் போய்ப் பாக்கணும்.