கிணற்றடியில் ஒளித்துத் துவைத்த துணி

ஐயாவுக்கு 68 வயது. யாழ்ப்பாணத்தில் கோப்பாய்ப் பக்கம் தோட்டம் செய்பவர். (ஆளை அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) நான் தாதியாக வேலை செய்யும் கிளினிக்குக்கு வந்து, நாரிநோ (கீழ்முதுகு வலி) என்றார். "இரவில் ஐந்து தரம் எழும்புகிறார், அதைச் சொல்லுங்கள்" என்று வாசலில் நின்ற மனைவி சொன்ன பிறகுதான் தலையைக் குனிந்தார். கட்டிலில் படுக்க வைத்தபோது, சாரத்துக்குள் பழைய வேட்டித் துண்டொன்று நான்காக மடித்து வைக்கப்பட்டிருந்தது. இரண்டு வருடமாக விடியமுன் எழும்பி, கிணற்றடியில் தானே அதைத் துவைத்திருக்கிறார். அந்த அம்மாவுக்கும் அது தெரியாது.

புரொஸ்டேட் சுரப்பி சிறுநீர்ப்பைக்குக் கீழே, சிறுநீர்வழியைச் சுற்றி இருக்கிறது. வயதோடு வரும் சாதாரண வீக்கம் அதன் உட்பகுதியில் வளர்வதால் வழியை நெரிக்கிறது. புற்றுநோய் பெரும்பாலும் வெளி ஓரத்தில் தொடங்கும்; ஆரம்பத்தில் ஒரு தொந்தரவும் தராது. ஐயாவை இரவில் எழுப்பியது வீக்கம். அதைக் காட்ட வந்ததால்தான் புற்றுநோய் அகப்பட்டது.

ஆசனவாய் வழியாக விரலால் தடவிப் பார்க்கும் பரிசோதனைக்கு முதலில் மறுத்துவிட்டார். "இந்த வயதில் எனக்கு இது தேவையா, தம்பி?" ஒரு நிமிடமும் ஆகாத பரிசோதனை அது. வைத்தியரின் விரலில் ஒரு பக்கம் கல்போல் தட்டுப்பட்டது. இரத்தத்தில் பி.எஸ்.ஏ. (புரொஸ்டேட் சுரக்கும் ஒரு புரதம்) 18. பொதுவாக 4ஐத் தாண்டினால் மேலும் ஆராய்வோம். சாதாரண வீக்கத்திலும் சிறுநீர்த் தொற்றிலும்கூட அது ஏறும் என்பதால், அந்த எண்ணை மட்டும் பார்த்து யாரும் பயப்பட வேண்டாம். ஐயாவுக்குத் திசுத்துண்டுப் பரிசோதனை (பயொப்சி) நோயை உறுதிப்படுத்தியது. எலும்புக்குப் பரவியிருக்கவில்லை.

தெல்லிப்பழையில் கதிர்ச்சிகிச்சை. 2011இல் இலங்கையின் தெற்கே தேவேந்திரமுனையிலிருந்து வடக்கே பருத்தித்துறை வரை மக்கள் நடந்து சேர்த்த நிதியில் எழுந்த புற்றுநோய் வைத்தியசாலை அது. திங்கள் முதல் வெள்ளி வரை, பல வாரங்கள், தண்ணீர்ப் போத்தலும் கையுமாகப் பஸ் ஏறினார். சிறுநீர்ப்பை நிறைந்திருந்தால் குடல் கதிர் படும் இடத்தைவிட்டு விலகி நிற்கும். அதனால் தண்ணீர் குடித்துவிட்டு அடக்கிக்கொண்டு காத்திருக்க வேண்டும். கசிவுக்குப் பயந்து துணி வைத்தவருக்கு அந்தக் காத்திருப்புத்தான் பெரிய சோதனை. சிறுநீரை இடையில் நிறுத்தும்போது இறுகும் தசையை, சும்மா இருக்கும் நேரங்களில் இறுக்கி விடும் பயிற்சியைச் சொல்லிக்கொடுத்தேன். மெல்ல மெல்லப் பிடிபட்டது.

கூடவே, ஆண் ஹோர்மோனை அடக்கும் ஊசி. திடீரென உடல் கொதித்து வியர்க்கும்; தாம்பத்திய ஆசை குறையும். பின்னதைப் பற்றி எங்கள் ஆண்கள் வாய் திறக்கவே மாட்டார்கள். அம்மாவையும் உள்ளே கூப்பிட்டு, இது மருந்தின் வேலை என்று இருவருக்கும் சொன்னேன். அவர் ஐயாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "நான் வேறென்னவோ நினைத்துவிட்டேன்" என்று அழுதார்.

சென்ற கிளினிக்குக்கு வந்தபோது சாரத்துக்குள் துணி இல்லை, பி.எஸ்.ஏ. ஒன்றுக்கும் கீழே வந்திருந்தது. பக்கத்தில் 61 வயதுத் தம்பியார் இருந்தார். அண்ணனுக்கோ தகப்பனுக்கோ இந்நோய் இருந்தால் மற்றவருக்கும் ஆபத்து கூடுதல் என்று நான் முன்பு சொன்னதை ஐயா மறக்கவில்லை. "எனக்கு ஒன்றுமில்லை" என்றார் தம்பியார். "எனக்கும் நாரிநோ மட்டும்தான்" என்று சொல்லி, ஐயா தம்பியின் கிளினிக் சீட்டை என் மேசையில் வைத்தார்.