இரண்டாம் முறை வரும் டெங்கு

“எனக்குத்தான் ஒருக்கா வந்திட்டுதே, இனி என்ன பயம்?” திருகோணமலை உப்புவெளியில் எங்கள் பக்கத்து வீட்டு மாமா நுளம்பு வலையை மடித்து வைத்ததற்குச் சொன்ன காரணம் இது. சின்னமுத்து (தட்டம்மை) என்றால் அவர் கணக்குச் சரி. 1846இல் பரோ தீவுகளில் சின்னமுத்து பரவியபோது, 1781இல் அதே நோய் கண்டு பிழைத்திருந்த முதியவர்களை அது தொடவேயில்லை. 65 வருடம் கழித்தும் உடம்பு மறக்கவில்லை. ஆனால் டெங்கு வேறு மாதிரி.

கிருமி வந்த பிறகு அளவெடுத்துச் சட்டை தைக்கும் தையற்காரர் போலத்தான் நம் நோயெதிர்ப்பு வேலை செய்கிறது என்று நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் அது ஒரு பெரிய புடவைக்கடை. யார் வருவார் என்று தெரியாமலே கோடிக்கணக்கான அளவுகளில் தைத்துத் தொங்கவிட்டிருக்கிறது. எலும்பு மச்சையில் உருவாகும், பி கலம் எனப்படும் ஒவ்வொரு வெண்குழியமும் தன் மரபணுத் துண்டுகளைச் சீட்டுக்கட்டுப் போலக் கலைத்து அடுக்கி, தனக்கென்று ஒரு வடிவத்தை வைத்துக்கொள்கிறது. பெரும்பாலானவற்றுக்கு ஆயுள் முழுக்க ஆள் வருவதில்லை. எந்தக் கலத்துக்குக் கிருமி பொருந்துகிறதோ அது மட்டும் நிணநீர்க் கணுவில் பெருகத் தொடங்கும். தையற்காரருக்கு வேலை அப்புறம்தான்: பெருகும்போதே அங்கே இங்கே பிடித்து, இன்னும் இறுக்கமாகப் பொருந்துகிறவற்றைத் தேர்ந்தெடுக்கிறது. அவை, கிருமியில் போய் ஒட்டும் பிறபொருளெதிரி என்ற புரதங்களை இரத்தத்தில் கொட்டுகின்றன. நோய் போன பின்னும் சில கலங்கள் தங்கிவிடும். அதுதான் ஞாபகம்.

இதற்குச் சில நாட்களாவது வேண்டும். அதனால்தான் டெங்குக் காய்ச்சலின் முதல் நாளில் இரத்தத்தில் பிறபொருளெதிரியைத் தேடினால் கிடைக்காது, வைரசின் என்.எஸ்.1 என்ற புரதத்தைத் தேடுகிறார்கள். அதுவரை தாக்குப்பிடிக்க இன்டர்பெரோன் போன்ற அவசரச் செய்திகள் உடம்பெல்லாம் பறக்கும். காய்ச்சலும் அந்த முறிக்கிற உளைவும் பெரும்பாலும் நம் பக்கத்து வேலைதான்.

சரி, மாமா எங்கே பிழைவிட்டார்? டெங்கு வைரசில் நான்கு வகை உண்டு. ஒன்று வந்து போனால் அந்த வகைக்கு நீண்டகாலப் பாதுகாப்பு. மற்றவற்றுக்குச் சில மாதங்கள்தான். 2017இல் இலங்கையில் 186,000 பேருக்கு மேல் டெங்கு பதிவானது. எங்கள் மாவட்டத்துக் கிண்ணியா தொடக்கத்திலேயே மோசமாக அடிபட்டது. அதற்கு முந்தைய வருடங்களில் அதிகம் சுற்றியது முதலாம் வகை. அந்த வருடம் வந்ததோ இரண்டாம் வகை.

முதலாம் வகைக்குத் தைத்த சட்டை இரண்டாம் வகைக்கு அரைகுறையாகத்தான் பொருந்தும். பிறபொருளெதிரி வைரசில் ஒட்டும், ஆனால் முடக்காது. பிறபொருளெதிரிக்கு ஒரு வால் இருக்கிறது. விழுங்கும் வெண்குழியங்கள் அந்த வாலைப் பிடித்துத்தான் கிருமியை உள்ளே இழுத்துச் செரிக்கும். நல்ல ஏற்பாடுதான். டெங்கு பெருக விரும்பும் இடமே அந்தக் குழியம் என்பதுதான் வில்லங்கம். முடங்காத வைரசை நாமே கைபிடித்து வீட்டுக்குள் கூட்டிப்போகிறோம். கோணேசர் கோவிலை 1622இல் இடித்த போர்த்துக்கேயர், அந்தக் கற்களை வைத்தே எங்கள் ஊரில் கோட்டையைக் கட்டினார்கள். எங்கள் ஊர்க்காரருக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

இதற்கு நான் அறிந்த மிகத் தெளிவான சாட்சி கைக்குழந்தைகள். முதல் தடவை டெங்கு வரும்போதே சில குழந்தைகளுக்குக் கடுமையாகிவிடும், அதுவும் பிறந்து சில மாதங்கள் கழித்து. தாயிடமிருந்து வந்த பிறபொருளெதிரி பிறந்தவுடன் காக்கப் போதுமான அளவு இருக்கும். பிறகு குறைந்து, காக்கவும் முடியாத, ஒட்டாமல் இருக்கவும் முடியாத ஒரு நிலைக்கு வரும். ஆபத்து அந்த இடைவெளியில்தான்.

இரண்டாவது டெங்கு எல்லோருக்கும் கடுமையாவதில்லை. கடுமையானால், பெருகிய வைரசுக்கு எதிராக உடம்பு எழுப்பும் ஆரவாரத்தில் மயிர்க்குழாய்களின் சுவர் தளர்ந்து, இரத்தத்தின் நீர்ப்பகுதி வெளியே கசியும். இந்தக் கசிவு தொடங்குவது காய்ச்சல் விடும் நேரத்தில். மாமாவும் நாலாம் நாள் காலை, “காய்ச்சல் விட்டிட்டுது” என்று படலையடியில் நின்று சொன்னார். பின்னேரம் வயிற்றுவலியும் சத்தியும். அன்றிரவே சேலைன் ஏற்றினார்கள்.