தசைக்கு வகிடு எடுக்கும் முதுகு ஆபரேஷன்

முதுகில் கத்தி வைத்தால் கால் விழுந்துவிடும் என்ற பயம் நம் வீடுகளில் இன்னும் இருக்கிறது. ஆபரேஷன் வேண்டாம் என்பதற்கு வேறு நல்ல காரணங்கள் இருக்கலாம், இது அவ்வளவாகப் பொருந்தாது. தண்டுவடம் முதுகின் கடைசி வரை ஓடுவதில்லை. இடுப்புப் பகுதியின் முதல் அல்லது இரண்டாவது முள்ளெலும்பின் உயரத்திலேயே முடிந்துவிடுகிறது. அதற்குக் கீழே குதிரைவால் போல நரம்புகள் தொங்குகின்றன. ஜவ்வு விலகல் பெரும்பாலும் வருவது இடுப்பின் கடைசி இரண்டு இடைவெளிகளில். அங்கே தண்டுவடமே கிடையாது. நரம்பு வேர் அடிபடும் வாய்ப்பு உண்டுதான், ஆனால் அது அரிது.

ஜவ்வு என்று நாம் சொல்வது இரண்டு முள்ளெலும்புகளுக்கு நடுவே மெத்தை போல இருக்கும் டிஸ்க்கை. வெளியே அடுக்கடுக்கான நார் வளையம், உள்ளே நுங்கு மாதிரி வழவழவென்று ஒரு கரு. வளையம் கிழிந்தால் கரு பிதுங்கி, பக்கத்தில் போகும் நரம்பு வேரை அழுத்தும். அழுத்தம் மட்டும் இல்லை, கருவில் இருக்கும் ரசாயனங்களும் நரம்பை வீங்க வைக்கும். கோளாறு இடுப்பில் இருக்க, வலி பிட்டம் வழியாகப் பாதம் வரை இழுக்கும். இதுதான் சியாட்டிகா. பிதுங்கிய டிஸ்க்தான் இதற்குக் காரணம், அதை எடுத்தால் கால்வலி போகும் என்று 1934-இல் பாஸ்டன் நகர மருத்துவர்கள் மிக்ஸ்டரும் பாரும் எழுதினார்கள்.

எடுக்க வேண்டியது சின்னத் துண்டுதான். அதுவரை போய்ச் சேருவதுதான் கஷ்டம். முதுகெலும்பின் இரு பக்கமும் மல்ட்டிஃபிடஸ் என்ற தசை ஒட்டிக்கொண்டிருக்கிறது. நாம் குனிந்து நிமிரும்போது முள்ளெலும்புகள் ஆடாமல் பிடித்துக்கொள்வது அதன் வேலை. பழைய முறையில் அந்தத் தசையை எலும்பிலிருந்து மரப்பட்டை உரிப்பது போல உரித்து, இரும்புக் கொக்கியால் இழுத்துப் பிடித்துக்கொண்டு வேலை செய்வார்கள். நெடுநேரம் இழுபட்ட தசைக்கு ரத்த ஓட்டம் குறையும், அதற்குப் போகும் சிறு நரம்பும் சேதமாகலாம். பிற்பாடு அந்தத் தசை சுருங்கிக் கொழுப்பேறுவது ஸ்கேனில் தெரியும். கால்வலி போய் முதுகுவலி மிஞ்சுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

1990-களில் அமெரிக்காவில் ஃபோலி, ஸ்மித் என்ற இருவர் கொண்டுவந்த குழாய் முறை இதற்குத்தான் வழி தேடியது. முதலில் எக்ஸ்ரே பார்த்து இடத்தைக் குறித்துக்கொள்வார்கள். தோலில் ஒரு சிறு கீறல். அதன் வழியே மெல்லிய குழாய் ஒன்று, அதன் மேல் இன்னும் சற்றுப் பெரியது, அதன் மேல் இன்னொன்று என்று அடுக்குப் பாத்திரம் போலச் செருகுவார்கள். தலைமுடியில் வகிடு எடுப்பது போலத் தசை நார்கள் விலகிக் கொடுக்கும், அறுபடாது. கடைசியில் சுமார் 18 மில்லிமீட்டர் அகலக் குழாய் நிற்கும். உள்குழாய்களை உருவிவிட்டு, நுண்ணோக்கியில் பார்த்தபடி அதற்குள் வேலை. குழாயை எடுத்ததும் தசை தானாக மூடிக்கொள்ளும். எண்டோஸ்கோப் முறையில் துளை இன்னும் சிறியது, 8 மில்லிமீட்டர் அளவில். உப்புநீர் ஓடிக்கொண்டே இருந்து ரத்தத்தைக் கழுவிவிடும். சிலருக்கு மரத்துப்போகும் ஊசி மட்டும் போட்டே செய்கிறார்கள். கருவி நரம்பைத் தொட்டால் நோயாளியே சொல்லிவிடுவார்!

சரி, பலன் எவ்வளவு? விளம்பரங்கள் சொல்லும் அளவுக்கு இல்லை என்றே சொல்வேன். நெதர்லாந்தில் 328 சியாட்டிகா நோயாளிகளிடம் குழாய் முறையையும், நுண்ணோக்கி வைத்துச் செய்யும் வழக்கமான முறையையும் ஒப்பிட்டார்கள். முடிவு 2009-இல் வந்தது. குழாய் முறைக்காரர்கள் சீக்கிரம் தேறவில்லை. வழக்கமான முறையிலேயே கீறல் ஏற்கெனவே சிறிதாகிவிட்டதும் இதற்கு ஒரு காரணமாக இருக்கலாம். ஸ்க்ரூவும் கம்பியும் வைத்து முள்ளெலும்புகளை இணைக்கும் பெரிய ஆபரேஷனில்தான் வித்தியாசம் நன்றாகத் தெரிகிறது. நீளமாகத் திறக்காமல் சிறு துளைகள் வழியே ஸ்க்ரூவை ஏற்றுவதால் ரத்த இழப்பு குறைகிறது, சீழ் பிடிப்பதும் குறைவு, சீக்கிரம் எழுந்து நடக்கலாம். பதிலுக்கு எக்ஸ்ரே அதிகம் தேவைப்படும். மருத்துவருக்குக் கை பழகவும் நாளாகும். அதனால் தழும்பு எத்தனை சென்டிமீட்டர் என்பதைவிட, இதே ஆபரேஷனை எத்தனை முறை செய்திருக்கிறார் என்று கேட்பது உபயோகம்.

அதற்கு முன்னால், ஆபரேஷன் வேண்டுமா என்பதே கேள்வி. பிதுங்கிய துண்டைப் பல பேருக்கு உடம்பே மெல்லக் கரைத்துவிடுகிறது, சில வாரங்களில் வலி தணிகிறது. ஆனால் சிறுநீர், மலம் கட்டுப்பாட்டில் இல்லாமல் போனாலோ, தொடையிடுக்கு மரத்துப்போனாலோ காத்திருக்கக் கூடாது, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

அப்புறம் ஒன்று. தோலில் தழும்பு சின்னது என்றாலும் டிஸ்க்கின் வளையத்தில் இருக்கும் கிழிசல் அதே கிழிசல்தான். அங்கே ரத்த ஓட்டம் குறைவு என்பதால் ஆற நாளாகும். ஆபரேஷன் ஆனவர்களில் நூற்றுக்கு ஐந்திலிருந்து பத்துப் பேருக்கு அதே இடத்தில் மறுபடி பிதுங்குகிறது. வலிதான் போய்விட்டதே என்று அடுத்த வாரமே இருபது லிட்டர் தண்ணீர் கேனைத் தூக்குகிறவருக்கு இது தெரிந்திருப்பது நல்லது.