விறைப்பு: கலம் காலூன்றும் தரைக்கு ஒரு சொல்

நுவரெலியாவில் தை மாதப் பனியில் விடியற்காலை மலைக்கு ஏறியவர் "கை விறைச்சுப் போச்சு" என்பார். விரல் மடங்க மறுக்கிறது என்பது பொருள். உயிர்க்கலங்களை ஆராயும் கலவியலில் 'ஸ்டிஃப்னஸ்' எனப்படுவதும் அதுதான்: அழுத்தினாலும் இழுத்தாலும் உருமாற மறுக்கும் அளவு. ஆகவே விறைப்பு. 'ரிஜிட்' என்ற சொல்லுக்கு மூலமான இலத்தீன் 'ரிகேரே'யும் விறைத்திருப்பதையும் குளிரில் மரத்துப்போவதையும் சேர்த்தே குறித்தது.

இதைக் 'கடினத்தன்மை' என்று எழுதுவது தவறு. கீறலுக்கும் குழிவிழுவதற்கும் இடங்கொடாத குணமே கடினம். முறியாமல் தாங்குவது வலிமை. பச்சைத் தேயிலைக் கொழுந்தின் தண்டை மடக்கினால் பட்டென்று ஒடியும். தொழிற்சாலையில் வாட்டியபின் அதே தண்டு துணிபோல மடங்கும், ஒடியாது. வாட்டலில் நீரோடு சேர்ந்து போனது விறைப்பு.

அளவிடுவது யங்கின் மட்டால்: தகைப்பை (ஓரலகுப் பரப்பில் விழும் விசை) விகாரத்தால் (நீளம் மாறிய விகிதம்) வகுத்தால் வருவது, அலகு பாஸ்கல். மூளை இழையம் ஏறத்தாழ 1 கிலோபாஸ்கல், தசை 10 அளவில். கலம் வளர்க்கும் பொலிஸ்ரைரீன் தட்டோ 3 கிகாபாஸ்கல் அளவில் நிற்கிறது, அதாவது மூளையைப்போல் முப்பது இலட்சம் மடங்கு. ஒரு எச்சரிக்கை: தமிழ்நாட்டுப் பாடநூல்களில் 'விறைப்புக் குணகம்' என்பது சறுக்குப் பெயர்ச்சிக்குரியது, அதாவது ஒரு பக்கம் மறுபக்கத்தின்மேல் சறுக்கும் உருமாற்றத்துக்கு. கலம் வளர்க்கும் நீர் நிறைந்த ஜெல்லில் அந்த எண்ணை மூன்றால் பெருக்கினால்தான் யங்கின் மட்டு ஏறக்குறைய கிடைக்கும். கட்டுரைகளை ஒப்பிடும்போது பலர் சறுக்குவதும் இங்கேதான்.

கலத்துக்குத் தரையின் விறைப்பு எப்படித் தெரிகிறது? இழுத்துப் பார்க்கிறது. மென்சவ்விலுள்ள இன்ரெக்ரின் புரதங்களால் தரையைப் பற்றிக்கொண்டு, உள்ளே அக்ரின், மயோசின் என்ற புரதங்களாலான நார்கள் சுருங்க, இழுக்கிறது. வேரோடிய தேயிலைச் செடியில் கயிற்றைக் கட்டி இழுத்தால் கயிறு உடனே இறுகும். தவறணையில் (நாற்றுமேடையில்) நிற்கும் கன்றில் கட்டினால் கன்று வளைந்துகொடுக்கும், கயிற்றில் விசை ஏறாது. மென்மையான ஜெல்லில் கலத்தின் பிடியும் அப்படித்தான் வலுப்பெறாமல் போகிறது: பல வகைக் கலங்கள் உருண்டையாகவே நிற்கும். விறைத்த ஜெல்லில் தட்டையாகப் பரவி, குறுக்கே தடித்த அக்ரின் நார்களைப் போடும். மயோசினைத் தடுக்கும் மருந்தைச் சேர்த்தால் இந்த வேறுபாடு மங்கிவிடும்.

2006இல் அடம் எங்க்ளர், டெனிஸ் டிஷர் குழுவினர் என்புமச்சை மூலக்கலங்களை (வேறு வகைக் கலங்களாக மாறக்கூடியவை) வெவ்வேறு விறைப்புள்ள ஜெல்களில் வளர்த்தனர். 0.1–1 கிலோபாஸ்கலில் நரம்புக் கலத்தின் சாயல், 8–17இல் தசை, 25–40இல் என்பு.

ஜெல் பொலிஅக்கிரிலமைட்டு. 10% அக்கிரிலமைட்டும், சங்கிலிகளைக் குறுக்கே இணைக்கும் பிஸ்அக்கிரிலமைட்டு 0.1%உம் சேர்ந்தால் சுமார் 10 கிலோபாஸ்கல்; 8%க்கு 0.48% என்றால் சுமார் 40. குறுக்கிணைப்பான் கூடியதால் வந்த வேறுபாடு இது. 10% அமோனியம் பேர்சல்பேற்றுக் கரைசலை நூறில் ஒரு பங்கும், வினையை விரைவாக்கும் டெமெட்டை (TEMED) ஆயிரத்தில் ஒரு பங்கும் விட்டால் இறுகும். கரைந்த ஒட்சிசன் இறுகலைத் தடுக்கும், ஆகவே முதலில் வெற்றிடத்தில் வளியை நீக்கவேண்டும். இறுகாத அக்கிரிலமைட்டு நரம்பு நஞ்சு, கையுறை கட்டாயம். வெறும் ஜெல்லில் கலம் ஒட்டாது. கலம் பற்றிக்கொள்ளும் கொலாஜன் புரதத்தை மேற்பரப்பில் இரசாயனமுறையில் பிணைக்கவேண்டும், எல்லா ஜெல்லிலும் ஒரே அளவில். இல்லாவிட்டால் நீங்கள் ஒப்பிடுவது விறைப்பையா கொலாஜனையா என்றே தெரியாது. ஜெல் சில மைக்ரோமீற்றர் தடிப்பாக மட்டும் இருந்தால் கலம் அடியிலுள்ள கண்ணாடியையே உணரும்.

கலம் மென்மையான பகுதியிலிருந்து விறைத்த பகுதியை நோக்கி ஊர்வதற்கு 2000இல் 'டியூரோடாக்சிஸ்' என்று பெயரிட்டார்கள்: இலத்தீன் 'டூருஸ்', கிரேக்க 'டாக்சிஸ்'. 'டூருஸ்' கடினம் என்பதால் 'கடின நாட்டம்' என்று பெயர்க்கத் தோன்றும். ஆனால் கலம் இழுத்துப் பார்ப்பது கடினத்தை அல்லவே. 'விறைப்பு நாட்டம்' என்றே எழுதலாம்.